வீட்டிலேயே அஜிலிட்டி தடைகள் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: நாய்க்கு அஜிலிட்டி, அதாவது தடைகளைத் தாண்டியும் நுழைந்தும் ஓடும் விளையாட்டு, பழக்க ஆசை. முதலில் எதைச் செய்யலாம்?

தாண்டும் தடைதான். ஒரு அங்குல பிவிசி குழாய், அதற்கான சில இணைப்புகள் (T வடிவ டீ, வளைந்த எல்போ), மூடிகள் இருந்தால் போதும். நிற்கும் குழாய்கள் ஒரு மீட்டர் உயரம், குறுக்குக் கம்பு 120 செ.மீ. நீளம் இருக்கட்டும். தடையின் பாதத்தை இரண்டு பக்கமும் நீட்டி வையுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்கே சாய்ந்துவிடும்.

நிற்கும் குழாயில் துளை போட்டு அதற்குள் கம்பைச் செருகுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாயின் கால் பட்டதும் கம்பு விழுந்துவிட வேண்டும், அதுவும் எந்தப் பக்கமிருந்து தாண்டினாலும். இந்த விளையாட்டு 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் குதிரைத் தாண்டல் போட்டியின் மாதிரியில் அரங்கேறியது. அங்கேயும் தட்டினால் கம்பு விழும். டீயின் பக்கவாட்டு வாயில் மேல் பகுதியை அறுத்து, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மட்டும் கீழே விடுங்கள். கம்பு அதில் சும்மா உட்கார்ந்திருக்கும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பசை பாதத்துக்கு மட்டும் போதும். மேலே ஒட்டாமல் விட்டால் குழாயை மாற்றி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கேள்வி: என் குட்டிக்கு ஏழு மாதம். எவ்வளவு உயரம் வைக்கலாம்?

கம்பைத் தரையிலேயே போட்டு வையுங்கள். எலும்பு வளர்ச்சி முடிய இனத்தைப் பொறுத்து 12 முதல் 18 மாதம் வரை ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதற்குள் குதிக்க வைத்தால் மூட்டு கெடலாம். இப்போதைக்கு நுழைந்து ஓடும் துணிச் சுரங்கமும் தரையில் கிடக்கும் பலகையும் போதும். முழு உயரத்துக்குப் போகும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாய் இடையில் புகுந்து வளைந்து வளைந்து ஓடும் கம்பங்களுக்கு எவ்வளவு இடைவெளி?

60 செ.மீ. போட்டியில் 12 கம்பம் வரை வரும், வீட்டுக்கு ஆறு போதும். மண் தரையானால் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதன்மேல் ஒரு மீட்டர் குழாயைச் செருகுங்கள். கம்பியின் நுனி குழாய்க்கு வெளியே தெரியவே கூடாது. நூல் பிடித்து நேர்கோட்டில் வைப்பது அவசியம்.

கேள்வி: சீசா (நடுவில் அச்சில் மேலும் கீழும் ஆடும்) பலகை செய்தேன். ஒரு தடவை ஏறியவன் இப்போது பக்கத்திலேயே வரமாட்டேன் என்கிறான். ஏன்?

பலகை தரையில் 'டமார்' என்று அடித்திருக்கும். பல நாய்களை மிரட்டுவது உயரத்தைவிட அந்தச் சத்தமும் அதிர்ச்சியும்தான். போட்டியில் நடு அச்சு ஏறத்தாழ 60 செ.மீ. உயரம், பலகை 30 செ.மீ. அகலம். நீங்கள் அச்சை 10 செ.மீ. அளவுக்கு இறக்குங்கள். இரண்டு முனைக்கு அடியிலும் தடிமனான மெத்தை போடுங்கள். ஒரு முனையைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் தின்பண்டம் கொடுங்கள். சரி, அவன் தானாக வரும்வரை காத்திருங்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்து ஏற்றினால் பயம்தான் கூடும்.

அப்புறம், தாங்கும் சட்டம் பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். மோதுகிற பொருள் விழ வேண்டும், மிதிக்கிற பொருள் அசையக் கூடாது. இங்கே பலகை மேலும் கீழும் போகலாம், வேறு எந்த ஆட்டமும் ஆகாது. ஆணியை நம்பாமல் போல்ட், நட் போடுங்கள்.

கேள்வி: பலகையில் பாதம் வழுக்காமலிருக்க?

வெறும் பெயிண்ட் ஈரத்தில் சறுக்கும். பெயிண்ட் காயும் முன் சலித்த நைஸ் மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடுங்கள். பருமணல் பாதத்தைத் தேய்த்துவிடும். ரப்பர் துகள் கிடைத்தால் அதுவே மேல். நிறம் மஞ்சளோ நீலமோ அடியுங்கள். நாயின் கண்ணுக்குப் புல்லும் சிவப்பும் பிரித்துத் தெரிவது கடினம்.

கேள்வி: நாய் பாய்ந்து நுழைய பழைய கார் டயரைத் தொங்கவிடலாமா?

வேண்டாம். துளை சிறிது, எடை அதிகம், மோதினால் விட்டுக்கொடுக்காது. வளையும் குழாயை வட்டமாக்கி, 60 செ.மீ. உள்விட்டம் வைத்து, இடித்தால் பிரியும்படி இணைப்பில் காந்தமோ வெல்க்ரோவோ போடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் விளையாடும் துணிச் சுரங்கம் போதுமா?

சின்ன நாய்க்குப் போதும். இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து உருளாமல் நிறுத்துங்கள். உள்ளே கம்பிச்சுருள் துணியைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நாயை அனுப்புங்கள்.