எம்பிஏ படிப்பவர்கள் கேட்டவை: ஸ்பெஷலைசேஷன், மென்டர், சம்பளக் கணக்கு

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கிவிட்டது, தனித்தனியாக மெசேஜ் அனுப்பாமல் கேள்விகளை ஒரே இடத்தில் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். போட்டுத் தள்ளிவிட்டீர்கள். என்னைத் தெரியாதவர்களுக்கு: டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் எம்பிஏ படித்தவள், முதலில் வாகனக் கடன் நிறுவனத்தில் கிளை வேலை, இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு வெளிநாட்டு வங்கியின் மையத்தில். ஆள் எடுக்கும் பேனலிலும் உட்காருகிறேன். ஐஐஎம், கன்சல்டிங் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது வேறு உலகம்.

அக்கா, ஃபைனான்ஸா, எச்ஆரா, மார்க்கெட்டிங்கா? எதற்கு ஸ்கோப் அதிகம்? (சேலம், முதலாம் ஆண்டு)

இதே கேள்வியை மட்டும் பத்துப் பேருக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கோப்பை விடுங்கள். முதல் இரண்டு வருடம் காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை என்ன செய்யச் சொல்வார்கள் என்று பாருங்கள்.

ஃபைனான்ஸ் எடுப்பவர்கள் கம்பெனிகளை மதிப்பிட்டு ரிப்போர்ட் எழுதப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் என்று பெரிய கடன் நிறுவனங்களின் தலைமையகம் இருக்கிறது, அந்த மாதிரித் துறையில் புதிதாகச் சேருபவரைப் பெரும்பாலும் கிளைக்குத்தான் அனுப்புவார்கள். நாமக்கல்லில் ஒரு லாரிக்காரருக்கு மாதத்தில் எந்தத் தேதிவாக்கில் வாடகைக் காசு கைக்கு வரும், டயர் மாற்றும் மாதம் அவர் தவணையை எப்படிச் சமாளிப்பார், இதெல்லாம் தெரிந்தால்தான் அங்கே வேலை ஓடும். எனக்கு அது பிடித்திருந்தது. வெயிலில் அலைவது பிடிக்காதவருக்கு அது நரகம். ஓ.எம்.ஆர் மையங்களில் என்றால் ஏசி உண்டு, ஆனால் கணக்கு ஒத்துப்பார்ப்பது, கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்கள்) சரிபார்ப்பது, மாதாந்திர ரிப்போர்ட் என்று உட்கார்ந்த இடத்திலேயே நாள் போகும், சில டீம்களில் ராத்திரி ஷிஃப்டும் உண்டு.

மார்க்கெட்டிங் என்றால் தொடக்கத்தில் சேல்ஸ். டிஸ்ட்ரிபியூட்டரிடம் எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது, போன மாத ஸ்கீம் கிளெய்ம் (சலுகைக்காகக் கம்பெனி திருப்பித் தரவேண்டிய பணம்) ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் கத்துவார், அதைக் கேட்டுக்கொண்டே இந்த மாத டார்கெட்டையும் அவர் தலையில் கட்டவேண்டும். விளம்பரம், பிராண்ட் எல்லாம் அப்புறம். எச்ஆரில் ஆள் தேடுவது, பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளப் பட்டியல். "எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும், அதனால் எச்ஆர்" என்று பேனலில் சொல்லாதீர்கள், நாங்கள் அன்றைக்கே அதை நிறையப் பேரிடம் கேட்டிருப்போம்.

கிளை, ஓ.எம்.ஆர் மையம், சேல்ஸ், எச்ஆர், இந்த நான்கில் எந்தத் தொல்லையை உங்களால் தாங்க முடியும் என்று யோசித்துவிட்டு எடுங்கள். இரண்டு பிரிவு எடுக்கக் கல்லூரி அனுமதித்தால் ஆபரேஷன்ஸை (உற்பத்தி, சப்ளை நிர்வாகம்) அதில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று சுற்றி இவ்வளவு தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை யாரும் சீண்டாமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

லிங்க்டுஇன்னில் நிறையப் பேருக்கு "ப்ளீஸ் கைட் மீ" என்று அனுப்பினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. (மதுரை)

நானும் போட்டிருக்க மாட்டேன் தம்பி. கோபம் வேண்டாம், அந்த மெசேஜைப் பார்ப்பவர் இடத்தில் இருந்து யோசியுங்கள். உங்களுக்கு எதில் வழி வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, பதில் சொன்னால் எவ்வளவு நேரம் இழுக்கும் என்றும் தெரியாது, சரி ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்பார், அதோடு அது போயிற்று.

இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம் மேடம், மதுரையில் எம்பிஏ முதலாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் சிறு வணிகக் கடன் பிரிவிலிருந்து ரிஸ்க் பிரிவுக்கு மாறியிருப்பதைப் பார்த்தேன். அதற்கு நிறுவனத்துக்குள் தேர்வு ஏதும் உண்டா, மேலாளர் பரிந்துரைத்தால் போதுமா? இரண்டு வரி பதிலே போதும்." அவருடைய பக்கத்தைப் படித்திருக்கிறீர்கள் என்று இதில் தெரிகிறது. கேள்வி ஒன்றுதான், பஸ்ஸில் போகும்போதே பதில் தட்டிவிடலாம். முதல் மெசேஜிலேயே ரெஸ்யூமேவை இணைத்து ரெஃபரல் (வேலைக்குச் சிபாரிசு) கேட்பதுதான் கதவைச் சாத்தும் வேலை.

பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போகாதீர்கள். அவர் ஒரு பாடமோ கோர்ஸோ சொல்லியிருந்தால் அதைச் செய்துவிட்டு, எங்கே சிக்கினீர்கள் என்று எழுதுங்கள். யோசனை கேட்கும் பலர் அதைச் செய்து பார்ப்பதே இல்லை, அதனால் செய்தவரை மறக்கமாட்டோம். ரெஃபரல் எல்லாம் அதற்குப் பிறகு பெரும்பாலும் கேட்காமலேயே வரும்.

இன்னொன்று, பெரிய பதவியில் இருப்பவரைத்தான் பிடிக்கவேண்டும் என்று ஓடாதீர்கள். வைஸ் பிரசிடென்ட் கடைசியாக ரெஸ்யூமே எழுதி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ உங்கள் கல்லூரியிலிருந்து போன சீனியருக்குத்தான் எந்த ரவுண்டில் என்ன கேட்டார்கள், எந்த மேனேஜர் கீழ் போகக்கூடாது என்பது வரை தெரியும்.

கல்லூரியே ஒரு மென்டரை ஒதுக்கித் தந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை கூகுள் மீட்டில் வந்து "பாசிட்டிவாக இருங்கள்" என்கிறார். என்ன செய்வது? (கோவை)

பாவம், அவருக்கும் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அடுத்த தடவை நீங்கள் எதையாவது மேஜையில் வையுங்கள். வேலை விளம்பரம் ஒன்றையும் உங்கள் ரெஸ்யூமேவையும் முந்தைய நாளே அனுப்பி, "இந்த வேலைக்கு என்னை ஏன் நிராகரிப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கும் பாசிட்டிவாக இருக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள் மா, அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

சம்மர் இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய கம்பெனி எதுவும் கிடைக்கவில்லை. மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், சர்டிபிகேட் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (ஈரோடு)

சர்டிபிகேட்டை மட்டும் வாங்கினால் வீண். நிஜமாகவே போய் உட்கார்ந்தால், பெரிய கம்பெனியில் யாரோ தந்த கேள்வித்தாளை நிரப்புபவரைவிட நீங்கள் நன்றாகவே கற்பீர்கள்.

ஒரே ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பையர் ஆர்டர் தந்த நாளிலிருந்து வங்கிக்குப் பணம் வரும் நாள் வரை அதன் பின்னாலேயே போங்கள். நூல் வாங்கக் காசு எப்போது போனது, நிட்டிங் எங்கே நடந்தது, சாயப்பட்டறையில் எத்தனை நாள் நின்றது, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி துறைமுகம், டாக்குமென்ட், கடைசியில் பணம். இதற்கு நடுவே ஜிஎஸ்டி ரீஃபண்டும் டிராபேக்கும் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பத் தரும் சுங்க வரி) எப்போது வருகின்றன? ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பணம் மாட்டிக்கிடக்கிறது என்று எக்செல்லில் போடுங்கள். இதுதான் ஒர்க்கிங் கேப்பிட்டல், புத்தகத்தில் வரும் அதே சமாச்சாரம். மாமா வங்கிக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறார் என்று தெரிந்தால், பணம் பத்து நாள் முன்னால் வந்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பேனலில் இதைச் சொல்லிப் பாருங்கள், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். கணக்கைக் காட்ட மாமா தயங்கலாம், சொந்தக்காரர் என்றால் இன்னும் அதிகமாகத் தயங்குவார். நிஜ எண்களை வெளியே காட்டமாட்டேன், விகிதமாக மட்டும் ரிப்போர்ட்டில் எழுதுவேன் என்று முன்பே பேசிவிடுங்கள்.

தமிழ் மீடியம். ஜிடியில் (குழு விவாதத்தில்) வாய் திறக்கவே முடியவில்லை. (திருவண்ணாமலை)

முதலில் பேசுபவருக்கு மார்க் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மூன்றாவதோ நான்காவதோ ஆளாக உள்ளே போய், இருவர் சொன்னதை இணைத்துச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும். தினமும் ஒரு வணிகச் செய்தியை எடுத்து, அதைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இலக்கணம் பிசகினால் நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை, விஷயமே இல்லாமல் சரளமாகப் பேசுபவர்தான் எரிச்சல்.

ஆஃபர் வருடம் 6.5 லட்சம் சிடிசி. மாதம் 54,000 வரும்தானே? (சென்னை)

வராது. சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் இல்லை. உத்தேசமாக ஒரு கணக்கு போடுகிறேன், உங்கள் லெட்டரில் உள்ள எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 15 சதவீதம் வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் பகுதி) என்றால் 97,500 வருடக் கடைசியில், அதுவும் ரேட்டிங்கைப் பொறுத்து. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 3,25,000 என்றால் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 12 சதவீதம், அதாவது 39,000, அதையும் உங்கள் சிடிசியில்தான் எழுதியிருப்பார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 15,600, பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் அது கையில். இன்ஷூரன்ஸ் 8,000 என்று வைப்போம். இதெல்லாம் போக மாதம் சுமார் 40,800. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,250, அப்புறம் தொழில் வரி. கைக்கு 37,000 சொச்சம்.

அதனால் இரண்டு ஆஃபர் இருந்தால் சிடிசியை ஒப்பிடாதீர்கள். ஃபிக்ஸட் எவ்வளவு, போன வருடம் அந்த டீமில் வேரியபிள் நிஜமாக எவ்வளவு வந்தது, இரண்டையும் அங்கே இருக்கும் சீனியரிடம் கேளுங்கள். வேளச்சேரியில் பிஜி வாடகை கட்டி, கடன் தவணையும் கட்டப்போவது இந்த 37,000-இலிருந்துதான்.

கல்விக் கடன் 7 லட்சம். படிக்கும்போது எதுவும் கட்ட வேண்டாம் என்று பேங்கில் சொன்னார்கள். (திருச்சி)

தவணை கட்ட வேண்டாம் என்பது சரி, பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் அவகாசம் தருவார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் முடிந்தால் மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டச் சொல்லுங்கள், அசல் வீங்காது. வேலைக்குப் போனபின் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, எட்டு வருடம் வரை, ஆனால் பழைய வரி முறையில் மட்டும்.

எம்பிஏ முடித்துவிட்டு பேங்க் எக்ஸாம் எழுது என்கிறார் அப்பா. (விருதுநகர்)

ஐபிபிஎஸ் நடத்தும் பிஓ (வங்கி அதிகாரி) தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், வயது 20 முதல் 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. அதாவது எம்பிஏ இல்லாமலேயே நீங்கள் எழுதியிருக்கலாம், இதை அப்பாவிடம் இப்போது சொல்லிப் பயனில்லை. கேம்பஸ் வேலையை எடுத்துக்கொண்டே ஒரு தடவை எழுதுங்கள். வேலையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்கில் எழுதுவதை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சேரும்போது ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம், இரண்டு வருட பாண்ட் (அதற்குள் விலகினால் பணம் கட்டவேண்டிய ஒப்பந்தம்) என்கிறார்கள். (வேலூர்)

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரவேண்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். பாண்டில் எவ்வளவு தொகை, எந்தப் பயிற்சிக்காக என்று எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கே முகம் சுளித்தால் அங்கே சேர வேண்டாம். டிரான்ஸ்ஃபர் சர்டிபிகேட்டைக் கேட்டாலும் இதே பதில்தான்.