கொடியும் நாட்டுப்பண்ணும் இருந்தால் ஒரு புதிய நாடு ஒலிம்பிக்கில் இறங்கிவிட முடியாதா? கொசோவோவுக்கு ஏன் 2016 வரை ஆனது?

முடியாது. ஒலிம்பிக் அழைப்பு அரசாங்கத்துக்கு வருவதில்லை, அந்த நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்குத்தான் வரும். அந்தக் கமிட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி (ஐஓசி) ஏற்க வேண்டுமென்றால், அதில் குறைந்தது ஐந்து தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் இருக்க வேண்டும். ஐந்தும் தத்தம் விளையாட்டின் உலகச் சம்மேளனத்தில் உறுப்பினராகியிருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று, ஒலிம்பிக்கில் உள்ள விளையாட்டுகளுக்கானவையாக இருக்க வேண்டும்.

கொசோவோ இழுபட்டது இங்கேதான். கமிட்டி 1992லேயே தொடங்கியாயிற்று, செர்பியாவிலிருந்து சுதந்திரப் பிரகடனம் 2008இல். ஆனால் ஐ.நா. உறுப்பினர் இல்லை. ஆகவே ஒவ்வொரு உலகச் சம்மேளனத்தையும் தனித்தனியாகப் பிடித்துச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. 2012இல் ஜூடோ சம்மேளனம் சேர்த்துக்கொண்டது, ஐஓசி சேர்க்கவில்லை. அதனால் கொசோவோவின் ஜூடோ வீராங்கனை மைலிந்தா கெல்மெண்டி அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவுக்காக ஆடினார். 2013இல் கொசோவோ பெயரில் உலகச் சாம்பியன் ஆனவர், மறு ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் உலக ஜூடோ சம்மேளனத்தின் கொடியில்தான் அதே பட்டத்தை வெல்ல முடிந்தது. ஐஓசியின் முழு அங்கீகாரம் 2014 டிசம்பர் 9இல் வந்தது.

அல்பேனியாவுக்கு ஆடியவர் எப்படி மாறினார் என்று சிலர் கேட்பதுண்டு. வேறு நாட்டுக்கு மாறினால் பொதுவாக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் கமிட்டி புதிதாக அங்கீகாரம் பெற்றால், அந்த நாட்டுக்காரர் பழைய நாட்டிலேயே தொடரலாம், அல்லது புதியதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு ஒரே ஒரு முறைதான்.

அங்கீகாரம் வந்ததும் ஆள் அனுப்பிவிட முடியாது, இடம் பிடிக்க வேண்டும். சிறிய நாடுகள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். தடகளத்தில் யாருமே தகுதி பெறாவிட்டாலும் ஓர் ஆண், ஒரு பெண்ணை அனுப்ப ‘யுனிவர்சாலிட்டி’ இடம் உண்டு. நீச்சலிலும் உண்டு, ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஒரு முடிச்சு இருந்தது: முந்தைய ஆண்டு ரஷ்யாவின் கசானில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்த வீரர் நீந்தியிருக்க வேண்டும். அதற்கு முன்பே உலக நீச்சல் சம்மேளனத்தில் உறுப்பினராகாத நாட்டுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில் சிறிய கமிட்டிகளுக்கென்று சில அழைப்பு இடங்கள் உண்டு, அவற்றுக்குப் போட்டி நடக்கும் ஆண்டின் ஜனவரி நடுவுக்குள்ளேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் போட்டிதானே என்று இருந்துவிட்டால் போச்சு.

ரியோவுக்குக் கொசோவோ அனுப்பியது ஐந்து விளையாட்டுகளில் எட்டுப் பேர். கெல்மெண்டி உள்ளிட்ட இரு ஜூடோ வீராங்கனைகள் தரவரிசையில் உள்ளே வந்தவர்கள். என் கணக்கில், ஓர் அறிமுக அணிக்கு இப்படி ஒரே விளையாட்டில் ஆழமாக முதலீடு செய்வதே சரி. 2008இல் பெய்ஜிங்கில் அறிமுகமான பசிபிக் தீவு நாடான துவாலு மூன்றே பேரோடு வந்தது: 100 மீட்டருக்கு இருவர், பளு தூக்க ஒருவர். அது பங்கேற்புக்கான அணி. கெல்மெண்டியோ ஆகஸ்ட் 7இல் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றார், நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

கமிட்டியின் கொடி, பண் இரண்டுக்கும் ஐஓசி செயற்குழுவின் ஒப்புதல் வேண்டும். கொசோவோவின் பண்ணுக்கு வரிகளே கிடையாது, இசை மட்டும்தான்.

விசா தனித் தலைவலி. ஒலிம்பிக்கில் அங்கீகார அட்டையே நுழைவு அனுமதியாகச் செல்லும். மற்றப் போட்டிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. 2018இல் டெல்லியில் நடந்த மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டிக்குக் கொசோவோ வீராங்கனை வர முடியவில்லை. இந்தியா அந்த நாட்டை அங்கீகரிக்காததால் விசா கிடைக்கவில்லை.