வண்டியோடு பயணம், வாளியளவு தண்ணீர்

காரிலும் வேனிலும் தங்கி ஊர் சுற்றுகிறவர்கள் குளியலுக்கு என்ன செய்வது என்பதைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் பன்னிரண்டு நாள் காரிலேயே உறங்கிப் பயணம் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். இருவரும் நாள்தோறும் குளித்துப் பழகியவர்கள். குளிப்பதற்கென்று எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: வீட்டுக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் வரை கொட்டும், ஐந்து நிமிடக் குளியல் 40 லிட்டருக்குக் குறையாது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. வீட்டில் குளிப்பதுபோலவே வழியிலும் குளிப்போம் என்று நீங்கள் இருவரும் நினைத்தால், ஒரே ஒரு நாள் குளியலுக்காக நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடையைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

நல்லவேளையாக, உடம்பு அவ்வளவு கேட்பதில்லை. வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது; அக்குளிலும் தொடை இடுக்கிலும் சுரப்பதைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் அந்த வாடை பிறக்கிறது. ஆகவே முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவி, முதுகையும் கைகால்களையும் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்துவிட்டால் அன்றைய பொழுதுக்கு அது போதும். இதற்கு ஒன்றரை லிட்டர் தாராளம். தலைக்குக் குளிக்கும் நாளில் ஐந்து அல்லது ஐந்தரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து லிட்டரில் தலைக்குக் குளிக்க முடியும் என்று சொன்னபோது நானும் நம்பவில்லை. முதல் பயணத்தில் வாளியின் உட்புறம் லிட்டர் கணக்கில் கோடு போட்டு வைத்துக்கொண்டு குளித்துப் பார்த்தேன். முதல் நாள் ஒன்பது லிட்டர் தீர்ந்தது. அதில் பாதி, சோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே போய்விட்டிருந்தது. நான்காம் நாள் ஐந்தாம் கோட்டோடு குளியல் முடிந்தது. இடையில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: தலையையும் உடம்பையும் ஒரு குவளைத் தண்ணீரால் நனைத்துவிட்டு ஊற்றுவதை நிறுத்த வேண்டும், சோப்பையும் ஷாம்பூவையும் வழக்கத்தில் பாதியளவே தேய்க்க வேண்டும், பிறகு உச்சந்தலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றி, தண்ணீர் வழிந்து இறங்கும் தடத்திலேயே மற்றக் கையால் வழித்துவிட்டுக்கொண்டு போக வேண்டும். நன்னீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கப்பல்களில் மாலுமிகள் கடைப்பிடித்துவரும் முறையும் ஏறக்குறைய இதுவே. தண்ணீரைக் குடிப்பது நுரைதான். அதைக் குறைத்தால் அலசும் தண்ணீர் தானாகக் குறைகிறது.

ஒருவர் தலைக்குக் குளிக்கும் நாளில் மற்றவர் துடைத்துக்கொள்வது என்று முறை வைத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் ஆகும்; 20 லிட்டர் கேன் ஒன்று மூன்று நாளுக்கு வரும். குடிநீருக்குத் தனிக் கேன் வேண்டும், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். இடையில் கட்டணம் வாங்கும் கேம்ப்பிங் மைதானமோ, பொது நீச்சல்குளமோ, நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுக்கெனக் குளியலறை வைத்திருக்கும் எரிபொருள் நிலையமோ கிடைத்தால் அங்கே ஆசைதீரக் குளித்துக்கொள்ளலாம். பலர் புழங்கும் ஈரத்தரையில் பாதப் பூஞ்சை தொற்றக்கூடும் என்பதால் ரப்பர் செருப்பைக் கழற்றாமல் குளியுங்கள்; வெளியே வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்திய பிறகே காலுறை அணியுங்கள்.

இன்னொன்று. காலைக் குளியலை மாலைக்கு மாற்றிவிடுங்கள். பகலெல்லாம் சேர்ந்த புழுதியோடும் வியர்வையோடும் படுத்தால் அது விரிப்பில் இறங்கிவிடும். பயணத்தில் உடம்பைக் கழுவுவதைவிட விரிப்பைத் துவைப்பது பெரும்பாடு.

கேள்வி: குளிரான பகுதிகளுக்கு வேனில் போகிறோம். சுடுதண்ணீருக்காக வெயிலில் காயும் கறுப்புப் பை, மின்பம்ப் ஷவர், எரிவாயு ஹீட்டர் என்று பலவும் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அடுப்பையும் வாளியையும் முதலில் பயன்படுத்திப் பாருங்கள். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீர் மூன்று பங்குக்குக் கொதிநீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 40 டிகிரி வரும். உடம்புக்கு இதமான சூடு அதுதான். தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கியிருந்தால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், மலைமேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்ச வேண்டியிருக்கும். எப்போதும் குளிர்ந்த தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் கொதிநீரைச் சேருங்கள். அப்படிச் செய்தால் பிளாஸ்டிக் வாளியும் இளகாது, மறதியாகக் கையை விட்டாலும் வெந்துபோகாது.

ஷவர் போலத் தெறித்து விழ வேண்டும் என்றால் என் தேர்வு, தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் ஐந்து லிட்டர் கைத்தெளிப்பான். புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். ஒரு முறை பூச்சிமருந்து ஊற்றியதை எத்தனை தடவை கழுவினாலும் உடம்புக்குப் பயன்படுத்தக் கூடாது. மேற்சொன்ன கணக்கில் கலந்த வெந்நீரை ஊற்றி, கைப்பிடியை இருபது முப்பது முறை அழுத்திக் காற்று ஏற்றினால், பூந்தூறலாக வரும் தண்ணீர் ஒருவர் குளித்து முடிக்கும்வரை தாங்குகிறது. வேனின் பின்கதவைத் தூக்கி, அதன் விளிம்பிலிருந்து ஒரு திரையைத் தொங்கவிட்டு, காலடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால் குளியலறை தயார்.

கறுப்புப் பை வெயில் இருக்கும் இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். நல்ல வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்தாலே வெதுவெதுப்பாகிவிடும், சில நாளில் உடம்பில் ஊற்ற முடியாத அளவுக்குச் சுடவும் செய்யும். ஆனால் மேகம் மூடிய குளிர்ப்பகுதியில் அதை நம்பிப் போக முடியாது. 20 லிட்டர் பையை முழுக்க நிரப்பிப் பின்கதவில் மாட்டாதீர்கள். கதவைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு அந்த எடைக்கானதில்லை, கதவு மெல்ல இறங்கி உங்கள் தலையில் உட்காரும். எட்டு லிட்டர் நிரப்பினால் போதும். கூரையில் கறுப்பு பிவிசி குழாயைக் கட்டி அதில் தண்ணீர் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 10 செண்டிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் 15 லிட்டருக்கு மேல் பிடிக்கும். தண்ணீர் வேகமாக வரட்டும் என்று அதற்குள் காற்றடிப்பதுதான் ஆபத்து. அழுத்தம் தாங்காமல் பிவிசி உடைந்தால் கண்ணாடிச் சில்லுகள்போலச் சிதறும்.

12 வோல்ட் மின்பம்ப், வாளியில் அமிழ்த்திப் பயன்படுத்தும் எளிய கருவி. இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறையொன்றுமில்லை.

எரிவாயு ஹீட்டரை வாங்குவதானால் திறந்தவெளியில் மட்டும் இயக்குங்கள். மூடிய வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அதை எரித்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் வலு போய்விடும். காற்றோட்டத்துக்கு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்திருந்தோம் என்பது இதில் பாதுகாப்பாகாது. அடுப்பை உள்ளே வைத்துக் குளிர்காய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்தக் கருவியானாலும் மிச்சத் தண்ணீரை வடித்து, குழாயையும் உலர விடுங்கள். 20 முதல் 45 டிகிரிச் சூட்டில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அத்தகைய தண்ணீரின் தூறலைச் சுவாசிப்பதன் வழியாக நுரையீரல் தொற்று உண்டாகிறது.

கேள்வி: மக்கும் சோப்பு என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. அந்தச் சோப்பு மக்குவதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேண்டும். தண்ணீரில் கலந்தால் அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குலைத்து, நீர்மேல் நடக்கும் பூச்சிகளையும் மீன்களின் செவுள்களையும் பாதிக்கும். தண்ணீரை வாளியில் மொண்டு, கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிச் சென்று, அங்கே குளித்து, அழுக்குநீர் ஒரே இடத்தில் தேங்காமல் மண்ணில் பரவி இறங்கும்படி விடுங்கள். சோப்பில்லாமல் வெறுமனே முங்கி எழுவதானாலும், உடம்பில் பூசிய கொசுவிரட்டியையும் வெயில்காப்புக் களிம்பையும் முன்கூட்டியே துடைத்துவிட்டு இறங்குவது நல்லது.

கேள்வி: தனியாகக் காரில் பயணம் செய்யும் பெண் நான். மாதவிடாய் நாட்களில் தண்ணீரும் மறைவிடமும் இல்லாத இடங்களில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழின் பகுதியைச் சற்று நீட்டிக்கொள்ளச் சொன்னேன். மாதவிடாய்க் கப் உங்களுக்குப் பழகியதாக இருந்தால் பயணத்துக்கு மிகவும் ஏற்றது. 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் காலையிலும் இரவிலும் மட்டும் கவனித்தால் போதும். அதைத் தொடுவதற்கு முன்பு கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அலசுவதற்குக் குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்துங்கள், அரை லிட்டர் பாட்டில் ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள். பழக்கமில்லாத கப்பை முதன்முதலாகப் பயணத்தில் போட்டுப் பார்க்காதீர்கள்; வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு எடுத்துச் செல்லுங்கள்.

நாப்கின் பயன்படுத்துவதானால், இறுக மூடும் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அதில் சேர்த்து, முறையான குப்பைத்தொட்டி வரும்வரை வண்டியிலேயே வைத்திருங்கள். புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும். எரித்தால் முழுவதும் எரியாது. ஈரத்துடைப்புத் தாளுக்கும் இதே விதிதான். கழிப்பறையில் போடலாம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அது குழாயை அடைக்கக்கூடியது. கழுவுவதற்குத் தண்ணீர் மட்டும் போதும். மணமூட்டிய துடைப்புத்தாளும் சோப்பும் உட்பகுதியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைவுக்கு, ஜன்னல்களின் அளவுக்கு வெட்டிய கெட்டித் துணியைக் காரில் வைத்திருங்கள். முழங்கால்வரை இறங்கும் தளர்ந்த அங்கி ஒன்று இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு உள்ளிருந்தபடியே துடைத்து, உடை மாற்றி முடித்துவிடலாம். இருட்டிய பிறகு உள்விளக்கைப் போட்டால் மெல்லிய துணியில் நிழல் தெரியும்; விளக்கில்லாமல் ஒரு முறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைகழுவ சானிடைசர் போதாதா? அப்புறம், ஒழுங்காகக் குளித்தும் மூன்றாம் நாளே வண்டிக்குள் ஒரு புழுக்க வாடை அடிக்கிறதே, ஏன்?

பதில்: கை பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸிடமும் அதன் பலம் குறைவு. மலம் கழித்த பிறகும் சமைப்பதற்கு முன்பும் சோப்பிட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். மூடியில் சிறு துளையிட்ட பாட்டில் ஒன்றிருந்தால் இதற்கு ஒரு குவளைத் தண்ணீருக்கு மேல் ஆகாது.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் துண்டு. என் வேனில் இதே வாடை வந்தபோது இருக்கைக்கு அடியில் எது செத்துக் கிடக்கிறது என்று தேடி எல்லாவற்றையும் வெளியே இறக்கினேன். பைக்குள் சுருட்டி வைத்த ஈரத்துண்டு ஒன்றுதான் அகப்பட்டது. தடித்த பருத்தித் துண்டு மூடிய வண்டிக்குள் ஒரு நாளானாலும் காயாது, உறங்கும்போது நாம் விடும் மூச்சின் ஈரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மெல்லிய மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வாங்கி, ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றதை வெளியே காயவிடுங்கள். வண்டி ஓடும்போது பின்னிருக்கைக்கு மேலே ஒரு கயிறு கட்டி, எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் திறந்து வைத்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் காய்ந்துவிடும்.