யூரிட்டர் கல்லுக்கு அதிர்வலையா, எண்டோஸ்கோப்பியா?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுபோகும் குழாயான யூரிட்டரில் 9 மி.மீ. கல் இருக்கிறது, ஒரு மருத்துவர் அதிர்வலை கொடுத்து உடைக்கலாம் என்கிறார், இன்னொருவர் எண்டோஸ்கோப்பி மூலம் லேசரால் எடுத்துவிடலாம் என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 10 மி.மீ.க்குள் இருக்கும் கல்லுக்கு இரண்டு வழியும் உண்டு. ஆனால், கல் யூரிட்டரின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. பாதி முடிவு அதில்தான் இருக்கிறது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு சிகிச்சையும் நடந்திருக்கின்றன. அண்ணனுக்குச் சிறுநீரகத்தை ஒட்டி மேல் யூரிட்டரில் கல், அதிர்வலை கொடுத்தார்கள். எனக்குச் சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே, கீழ் யூரிட்டரில், எண்டோஸ்கோப்பி செய்தார்கள்.

அதிர்வலை சிகிச்சை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. அப்போது நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இப்போது மேசையில் படுக்க வைத்து, இடுப்புப் பக்கம் ஜெல் தடவி, எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ கல்லைக் குறிபார்த்து அலைகளைச் செலுத்துகிறார்கள். நிமிடத்துக்கு 60 முதல் 90 அலைகள். மொத்தம் இரண்டாயிரம், மூவாயிரம் வரை போகும். அண்ணனுக்கு மயக்க மருந்து இல்லை, வலி மருந்து மட்டும்தான். முதுகில் ரப்பரைச் சுண்டுவது போல இருந்தது என்றார். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்லை உடைப்பது மட்டும்தான் இயந்திரத்தின் வேலை. தூளும் துண்டுகளும் தாமாகத்தான் சிறுநீரோடு இறங்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு முறையும் டீ வடிகட்டியில் பிடித்து, பழுப்பு நிறப் பொடியைக் காகிதத்தில் சேர்த்து வைத்தார். நடு இரவில் மறுபடியும் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒரு துண்டு மிச்சம் தெரிந்ததால் இரண்டாவது தடவையும் அதிர்வலை கொடுத்தார்கள். சிலருக்குத் துண்டுகள் யூரிட்டரில் வரிசையாக நின்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது கடைசியில் எண்டோஸ்கோப்பிக்கே போக வேண்டியிருக்கும்.

எண்டோஸ்கோப்பியில் உடலில் எங்கும் கீறல் கிடையாது. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, சிறுநீர்ப்பையைக் கடந்து யூரிட்டருக்குள் ஏறி, கல்லை நேராகப் பார்த்து லேசரால் உடைக்கிறார்கள். துண்டுகளைச் சிறு கம்பிக்கூடையில் பிடித்து வெளியே எடுக்கவும் முடியும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். யூரிட்டரில் காயம் படுவது, கிருமித் தொற்று போன்ற ஆபத்துகள் குறைவுதான் என்றாலும், அதிர்வலையைவிடச் சற்று அதிகம்.

எனக்குக் கல் போன வேகத்தைவிட, அதன் பிறகு உள்ளே வைத்த ஸ்டென்ட்தான் நினைவில் நிற்கிறது. வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக வைக்கும் மெல்லிய குழாய் அது. எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் பலருக்கு வைக்கிறார்கள். அது உள்ளே இருந்த நாட்களில் அடிக்கடி சிறுநீர் முட்டியது. கழிக்கும்போதெல்லாம் வலி விலா வரை ஏறியது. கொஞ்சம் அதிகம் நடந்தால் சிறுநீர் சிவந்தது. இவை எதிர்பார்க்கக்கூடியவை, மாத்திரையால் குறையும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஸ்டென்ட் வைத்தால், எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தொந்தரவு நின்றுவிட்டது என்று மறந்துபோய் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டவர்களுக்கு அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பது தனி அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது.

பிரிட்டனில் யூரிட்டர் கல் உள்ள சுமார் 600 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதலில் அதிர்வலை பெற்றவர்களில் ஏறத்தாழ 22 சதவீதம் பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. எண்டோஸ்கோப்பி பெற்றவர்களில் 10 சதவீதம். நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: அதிர்வலையில் தொடங்கிய ஐந்தில் நான்கு பேருக்கு மயக்க மருந்தோடு கூடிய அறுவை அரங்கு தேவைப்படவில்லை. அது சிறிய லாபம் அல்ல.

ஆகவே, கல் மேல் யூரிட்டரில் இருந்து, சி.டி. ஸ்கேனில் அதன் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் ஆயிரத்துக்குக் கீழே இருந்து, நீங்களும் பருமனாக இல்லாவிட்டால், முதலில் அதிர்வலையை முயல்வேன். எண் கூடக்கூட கல் கடினம், உடைவதும் கடினம். தோலுக்கும் கல்லுக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் தூரம் இருந்தாலும் அலையின் வலு குறையும். கல் கீழே இருந்தாலோ, 10 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, அடிக்கடி விடுப்பு கிடைக்காத வேலையில் இருந்தாலோ எண்டோஸ்கோப்பியே மேல். கர்ப்பிணிகளுக்கு அதிர்வலை கூடவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வாழைத்தண்டுச் சாற்றை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். 4, 5 மி.மீ. கல் பெரும்பாலும் தானே இறங்கும், 9 மி.மீ. கல் அப்படி இறங்குவது அரிது. வலி நின்றுவிட்டதால் கல் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். அடைப்பு நீடித்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும். குளிர்காய்ச்சல் வந்தால் எந்தச் சிகிச்சை என்ற யோசனையையே தள்ளிவைத்துவிட்டு, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் ஸ்டென்டோ, முதுகு வழியே குழாயோ வைத்து அடைபட்ட சிறுநீரை முதலில் வெளியேற்றுவார்கள். தொற்று அடங்கிய பிறகுதான் கல்லைத் தொடுவார்கள்.

கல் இருக்கும் இடத்தையும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணையும் ஸ்கேன் அறிக்கையில் பார்த்து, இரு மருத்துவர்களிடமும் அவற்றைக் காட்டியே காரணம் கேளுங்கள்.