பெற்றது எத்தனை, நின்றது எத்தனை?

ஐயா,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறேன். மகள் எஸ்டிபிஎம் (யூனிவர்சிட்டிக்கு முந்திய பரீட்சை) முடித்திருக்கிறாள், கணக்கு நன்றாக வரும். அக்கவுண்டன்ட் ஆவாள் என்று இருந்தேன். மக்கள்தொகையியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். தலை எண்ணுவதற்கு யூனிவர்சிட்டி எதற்கு? போன வாரம் என் அம்மாவிடம் (88 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்) ‘எத்தனை பிள்ளை பெத்தீங்க, எத்தனை உசுரோட இருக்கு’ என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அம்மா அழுதுவிட்டார். வீட்டில் ஒரே சண்டை. இந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

சண்டையை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். ஆனால் உங்கள் மகள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளும் விளையாட்டுக் கேள்விகள் இல்லை. ஒரு மனிதர் அவற்றை வைத்து ஒரு கணக்கு முறையையே உண்டாக்கினார். வில்லியம் பிராஸ் என்று பெயர். 1921இல் எடின்பரோவில் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1948இல் நைரோபிக்குப் போய்க் கிழக்கு ஆப்பிரிக்கப் புள்ளிவிவரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெரும்பாலான கிராமங்களில் பிறப்புக்கும் பதிவு கிடையாது, இறப்புக்கும் கிடையாது. ஆயிரம் குழந்தை பிறந்தால் எத்தனை தங்குகிறது என்று எந்த ஏட்டைப் பார்த்துச் சொல்வது?

தாய்மாரைக் கேட்கலாம். ஆனால் எந்தக் குழந்தை எந்த வயதில் போனது என்று கேட்டால் தேதி சரியாக வராது. பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்பது மட்டும் யாருக்கும் தெரியும். பிராஸ் கண்டுபிடித்தது என்னவென்றால், தாயின் வயதையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது. இளம் தாயின் பிள்ளைகள் அண்மையில் பிறந்தவர்கள், மூத்தவளின் பிள்ளைகள் ஆபத்தை அதிக நாள் கடந்தவர்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களின் பிள்ளைகளில் இறந்தவர்களின் விகிதம், ஒரு குழந்தை இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்புக்கு நெருங்கி வரும். 30 முதல் 34 வரை என்றால் ஐந்து வயதுக்குள். பெண்கள் எந்த வயதில் பெறத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு சின்னப் பெருக்கல் திருத்தம். அவ்வளவுதான். பின்னாளில் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்துகொண்டு ‘உன் தாய் உயிரோடு இருக்கிறாளா?’ என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து பெரியவர்களின் இறப்பையும் கணக்கிட்டார். 1999இல் காலமானார்.

ஓட்டைகளும் உண்டு. இறந்துபோன தாயை யாரும் கேட்க முடியாது. செத்த பிள்ளையைச் சிலர் சொல்ல மாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் என் பாட்டி எப்போதும் ‘ஏழு’ என்பார். ஒரு தீமிதித் திருவிழா இரவில், காலில் மஞ்சள் பூசிக்கொண்டே, ‘ஒன்பதுடா’ என்றார். ஒன்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லையாம். சென்சஸ்காரருக்கு அவர் எத்தனை சொல்லியிருப்பார்?

தலை எண்ணுவது தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வேலை. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசையில், நிற்பவனைச் செக்ரோல் என்ற வருகை ஏட்டில் குறித்தால் முடிந்தது. பெரட்டுக்கு வராமல் போனவன் கதை வேறு. 1931இல் மலாயாவில் இருந்த இந்தியர் தொகையைவிட 1947இல் எண்ணிய தொகை குறைவு. பதினாறு வருடத்தில் பிள்ளைகள் பிறந்தும் குறைவு! ரப்பர் விலை விழுந்தபோது கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் உண்டு. அப்புறம், போர்க்காலத்தில் ஜப்பானியர் ஆள் பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதை. 1942, 43இல் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேரில் திரும்பாதவர்கள் எத்தனை என்று இன்றும் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் என்ற அமெரிக்க மக்கள்தொகையியலாளர் 1960களில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசுத் தொண்டர் அமைப்பின் வழியாக நம் நாட்டில் இருந்தவர். நம் சென்சஸில் இனப் பெயர்கள் எப்படி மாறி வந்தன என்றும் எழுதியிருக்கிறார். (1871இல் நம்மவர்களுக்குப் போட்ட தலைப்பு ‘கிளிங்’. இன்று அப்படிக் கூப்பிட்டால் அடிதடிதான்.) அவர் இன்னும் இருவருடன் சேர்ந்து வியட்நாமில் சில நூறு குடும்பங்களிடம், பெற்றோர், உடன்பிறந்தோர் எப்போது, எப்படி இறந்தார்கள் என்று கேட்டதை வைத்து, அமெரிக்கப் போரில் இறந்த வியட்நாமியர் சுமார் பத்து லட்சம் என்று 1995இல் மதிப்பிட்டார். போர் முடிந்து இருபது வருடம் கழித்து, பிராஸின் வழியிலேயே. நம் லயங்களில் அப்படி வீடுவீடாகப் போய்க் கேட்டிருந்தால் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம், வேலை கிடைக்குமா என்றுதானே உங்கள் மனசில்? புள்ளிவிவரத் துறை இருக்கிறது, 1966இலிருந்து தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் இருக்கிறது, காப்புறுதிக் கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். அக்கவுண்டன்ட் சம்பளம் முதலில் வராமல் போகலாம். அதை நான் மறைக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு 88 என்கிறீர்கள். சயாமுக்கு ஆள் பிடித்தபோது அவர் சின்னப் பிள்ளை. அப்பாவோ சித்தப்பாவோ போனார்களா, யார் திரும்பினார்கள் என்று பேத்தி இன்னொரு நாள் கேட்கட்டும். அப்போது நீங்கள் ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் லாரியைக் கழுவுங்கள். மகன் முன்னால் சில பேச்சு வராது.