நண்பர் கொடுத்த பழைய ரிக்: எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது

கேள்வி: "பதினாறு வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 வருடமாகக் குதிப்பதில்லை. போன மாதம் தன் ஸ்கைடைவிங் ரிக்கை, அதாவது விமானத்திலிருந்து குதிக்க முதுகில் மாட்டும் பாராசூட் பையை, அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். மெயின் குடை 135 சதுர அடி, அது கைவிட்டால் திறக்கும் ரிசர்வ் குடை 143. ஆபத்தில் ரிசர்வைத் தானே திறக்கும் ஏ.ஏ.டி. கருவியும் உள்ளே இருக்கிறது. 'ரிசர்வை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை, புத்தம் புதுசு' என்கிறார். நான் இதுவரை 210 தடவை குதித்திருக்கிறேன், எல்லாம் வாடகைக்கு எடுத்த 190 சதுர அடிக் குடையில்தான். என் எடை 82 கிலோ. பழைய கூட்டாளிகள் ஒன்றுகூடும் நாளில், அவர் கண்ணெதிரே இந்த ரிக்கை மாட்டிக் குதிக்க ஆசை. என்னென்ன சோதிக்க வேண்டும்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் அந்த ரிக்கில் குதிக்க வேண்டாம். பாராசூட்டை மடித்துப் பழுது பார்க்கும் ரிக்கர் பார்த்து எல்லாம் சரி என்று சொன்னாலும் வேண்டாம். காரணம் அதன் வயது இல்லை, 135 என்ற அந்த எண். அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் பையை அப்படியே பரணில் போட்டுவிடாதீர்கள். அதில் உங்களுக்கு உதவக்கூடியவை நிறைய இருக்கின்றன.

ரிக் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது நான்கு பொருள். உடலில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸோடு சேர்ந்த கன்டெய்னர் பை, மெயின் குடை, ரிசர்வ் குடை, ஏ.ஏ.டி. நாலுக்கும் தனித்தனி ஜாதகம். ஒன்று நன்றாக இருப்பதால் மற்றது நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜாதகம் என்று சும்மா சொல்லவில்லை. கன்டெய்னரில் சின்னதாக ஓர் உறை தைத்திருப்பார்கள், அதற்குள் மடித்த அட்டை ஒன்று இருக்கும். ரிசர்வ் எந்த மாதம் எந்த வருடம் தயாரானது, வரிசை எண் என்ன, எந்தெந்தத் தேதியில் யார் பிரித்து மடித்தார், என்ன பழுது பார்த்தார் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ரிசர்வை மூடி வைத்திருக்கும் பின்னைப் பார்த்தீர்களானால் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருக்கும், அதன் நுனியில் மிளகு அளவுக்கு நசுக்கிய ஈயம். அந்த ஈயத்தில் பதிந்திருப்பது மடித்த ரிக்கரின் அடையாளம். அட்டையின் கடைசி வரியும் ஈயத்தின் முத்திரையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், நண்பருக்கே தெரியாத கதை ஏதோ இருக்கிறது.

என் கூட்டாளி ஒருவரின் ரிசர்வைப் பல வருடம் நான்தான் மடித்தேன். அவருடைய அட்டையை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் எனக்கு நாட்குறிப்பு படிப்பது மாதிரி இருக்கும். ஒரு வரியில் மட்டும் மை பரவியிருக்கிறது. அன்றைக்கு விமானம் கிளம்பவே இல்லை, கொட்டுகிற மழை. ஐந்து பேர் கூரைக்கு அடியில் உட்கார்ந்து, எந்தக் குடை நல்லது என்று சாயங்காலம் வரை சண்டை போட்டோம். கூரை ஒழுகியது அட்டையில் தெரிகிறது, சண்டையில் யார் ஜெயித்தது என்பதுதான் நினைவில்லை.

சரி, ரிசர்வுக்கு வருவோம். "பயன்படுத்தியதே இல்லை" என்பதும் "புதுசு" என்பதும் ஒன்றல்ல. நைலான் துணிக்கு வெயில் பகை, அமிலம் அதைவிடப் பெரிய பகை. ரிசர்வைக் காற்றில் விரிக்காமலே இருந்தாலும், ஒவ்வொரு தடவை பிரித்து மடிக்கும்போதும் துணி கசங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடத் தொடங்கும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் ரிசர்வின் மீதே கட்டங்கள் போட்ட ஒரு பட்டையைத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கட்டத்தில் குறி. கட்டங்கள் தீர்ந்தால் தயாரிப்பாளருக்கே அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

யாரும் பயன்படுத்தாத ரிசர்வ் கெட்டுப்போகுமா என்று கேட்பவர்களுக்கு நான் 1980களின் கதையைச் சொல்வேன். அந்தக் காலத்து வட்ட ரிசர்வ்கள் சிலவற்றில் வலைத்துணியில் அமிலம் ஏறி, அதை ஒட்டியிருந்த நைலான் வலுவிழந்துபோனது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் அழுத்தினால் கிழியும். அப்போது ரிக்கர்கள் புரோமோகிரெசால் கிரீன் என்ற திரவத்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். அமிலம் இருந்தால் நிறம் மஞ்சளுக்கு மாறும். இன்றைய சதுர ரிசர்வ்களுக்கு அந்தக் கதை பொருந்தாது. ஆனால் பைக்குள் பத்திரமாக இருந்த துணி பத்திரமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை உடைக்க அது போதும்.

அமெரிக்க விதிப்படி, குதிக்கும் தேதிக்கு முந்தைய 180 நாளுக்குள் ரிசர்வை ரிக்கர் மடித்திருக்க வேண்டும். 2008 வரை அது 120 நாளாக இருந்தது. மற்ற நாடுகளில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உங்கள் நண்பரின் ரிசர்வ் 9 வருடமாக மூடிக் கிடக்கிறது. அது திறக்காது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் திறக்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லைத் தலைக்கு மேலே கட்டிக்கொண்டு யாரும் குதிப்பதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தயாரிப்பாளர் வயது வரம்பு வைக்காவிட்டாலும், 20 வருடம் தாண்டிய ரிசர்வை மடிக்க மாட்டேன் என்று சொல்லும் ரிக்கர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான்.

அந்தப் பழைய ஏ.ஏ.டி.யை நம்பி மாட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். நீங்கள் எதையும் இழுக்காமல் விழுந்துகொண்டே இருந்தால், ஏறத்தாழ 750 அடி உயரத்தில் ரிசர்வை மூடி வைத்திருக்கும் நூல் கண்ணியைத் தானே வெட்டிவிடும் கருவி அது. 1991இல் சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. வந்த பிறகுதான் இந்தக் கருவியை எல்லோரும் நம்பி மாட்டத் தொடங்கினோம். அதற்கு முன்பு வந்தவற்றை, தேவையில்லாத நேரத்தில் ரிசர்வைத் திறந்துவிடுமோ என்று பயந்து கழற்றி வைத்தவர்கள் உண்டு. ஆனால் இதற்கு ஆயுள் கணக்கு கறார். முதல் தலைமுறை சைப்ரஸுக்குச் சுமார் 12 வருடம், பிறகு வந்த கருவிகளுக்கு மாடலைப் பொறுத்துக் கூடுதல். கருவியின் மேல் தயாரித்த தேதி இருக்கும், தயாரிப்பாளரின் கையேட்டில் முடியும் தேதி இருக்கும். 9 வருடம் சும்மா கிடந்ததில் இடைச் சோதனையும் தவறியிருக்கும், பேட்டரியும் போயிருக்கும். காலாவதி ஆகியிருந்தால் ரிக்கர் கழற்றட்டும், நீங்கள் தொடாதீர்கள். கண்ணியை வெட்டும் முனையில் சின்ன வெடிமருந்து இருக்கிறது.

இப்போது அந்த 135. உங்கள் எடை 82 கிலோ, ரிக்கும் உடையும் ஹெல்மெட்டும் சேர்த்து ஏறக்குறைய 12. மொத்தம் 94 கிலோ, அதாவது சுமார் 207 பவுண்டு. ஒரு சதுர அடிக் குடை எத்தனை பவுண்டு தாங்குகிறது என்று பார்க்க, 190 சதுர அடியால் வகுத்தால் 1.09, 135ஆல் வகுத்தால் 1.53. வேகம் இந்த விகிதத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்பதால், கணக்கில் தரையிறங்கும் வேகம் சுமார் 19 சதவீதம்தான் கூடும். கேட்க அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் சின்னக் குடையின் சங்கதி வேகம் மட்டுமல்ல. குடையையும் ஆளையும் இணைக்கும் கயிறுகளான லைன்கள் குட்டை, குடையைத் திருப்பும் கைப்பிடியான டாகிளை ஓர் அங்குலம் இழுத்தாலே சுழலும், சுழலும்போது உயரம் மளமளவென்று போகும். நன்றாகத் திறந்த குடைக்குக் கீழே, நல்ல வெயிலில், தரையை ஒட்டி அவசரமாக ஒரு திருப்பம் போட்டு எலும்பை உடைத்துக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 210 குதிப்பில் 190இலிருந்து நேராக 135க்குத் தாவ எந்த நல்ல பயிற்றுநரும் சம்மதிக்க மாட்டார். 170, அப்புறம் 150 என்று இறங்கி வர வேண்டும், ஒவ்வொன்றிலும் கணிசமாகக் குதித்த பிறகு.

ரிசர்வ் 143 என்பது இன்னும் யோசிக்க வேண்டியது. அதில் 1.45 வருகிறது. ரிசர்வில் தரையிறங்கும் நாள் நல்ல நாளாக இருக்காது. தாழ்வாகத் திறந்திருப்பீர்கள், கீழே மரமோ வேலியோ இருக்கும், ஒருவேளை மயக்கத்தில்கூட இருக்கலாம். ரிசர்வ் மெயினைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் எடைக்கும் தாராளமாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

மெயின் குடையை எதிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? பார்க்கலாம். அது கொஞ்சம் காற்று கசியும் எஃப்-111 துணியா, காற்று புகாத ஜீரோ போரோசிட்டி துணியா என்று ரிக்கரிடம் கேளுங்கள். எஃப்-111 சில நூறு குதிப்பில் களைத்துவிடும், தரைக்கு வரும்போது பிரேக் பிடித்தாலும் தொப்பென்று இறக்கும். ஜீரோ போரோசிட்டி துணி நீண்ட நாள் உழைக்கும், அதில் முதலில் போவது லைன்கள். ஸ்பெக்ட்ரா என்ற இழையால் ஆன லைன் என்றால், குடை மெதுவாகத் திறக்க லைன்களில் வழுக்கி வரும் ஸ்லைடர் துணி உரசி இறங்கும் சூட்டில் சுருங்கும், அதுவும் ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் நடுவில் உள்ளவற்றைவிட அதிகமாகச் சுருங்கும். குடை கோணலாகப் பறக்கும், திறக்கும்போது முகத்தில் அறைந்த மாதிரி திறக்கும். லைன்களை மாற்றினால் சரியாகிவிடும்.

நண்பர் உயிரோடு கூடவே இருக்கிறார் என்பது உங்களுக்குப் பெரிய லாபம். அவரிடம் கேளுங்கள்: தண்ணீரில் இறங்கியதுண்டா, உப்புத் தண்ணீரா? 9 வருடம் பை எங்கே இருந்தது, கார் டிக்கியிலா, வண்டி பேட்டரிக்குப் பக்கத்திலா? எலி நடமாட்டம் உண்டா? இந்தக் குடையில் எத்தனை தடவை குதித்தார்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பொய் சொல்வார் என்று இல்லை, நல்ல நாட்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

கைப்பிடிகள் இருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். என் ரிக்கில், மெயினை வெளியே இழுக்கும் குட்டிக் குடையான பைலட் சூட் பையின் அடியில் வலது மூலையில் இருக்கும். ஒருநாள் என் ரிக் பழுதில் இருந்ததால் கூட்டாளியின் ரிக்கை வாங்கி மாட்டினேன். அவருடையது பழைய மாதிரி, பைலட் சூட் வலது தொடைப் பட்டையின் பின்பக்கம். தரையில் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன், விமானத்தில் இன்னும் பத்து. 3,500 அடியில் கை எங்கே போனது? பையின் அடிக்குத்தான். துணி தட்டுப்பட்டது. மறுபடி தடவினேன், மறுபடி துணி. அந்த வேகத்தில் ஆயிரம் அடி கரைய ஐந்தரை வினாடிதான். இரண்டு தடவைக்கு மேல் தேடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், மூன்றாவது தடவையும் தேடினேன். பிறகுதான் ரிசர்வை இழுத்தேன். கீழே வந்ததும் கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை, குடையைச் சுற்றி வந்து பார்த்தார். "இது திறக்குமான்னு எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்" என்றார். அதை மடித்தவன் நான்தான்.

ஹார்னஸ் பற்றிச் சுருக்கமாக. அது ஆளுக்கு அளவெடுத்துத் தைப்பது. நண்பர் உங்களைவிட உயரமென்றால் பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் குடை திறக்கும்போது ஹார்னஸ் மேலே ஏறி, கைப்பிடிகள் இடம் மாறிவிடும். கெட்டுப்போன மெயினைக் கழற்றிவிடுவதற்காகத் தோளில் உள்ள மூன்று வளையங்களை ரிக்கர் கழற்றி, லைன்களைத் தோளோடு இணைக்கும், விறைத்துப்போன ரைசர் பட்டைகளை நெகிழ்த்தி, வளையங்களைப் பூட்டி வைத்திருக்கும் மஞ்சள் கேபிளைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பில் பூத் கண்டுபிடித்த இந்த வளைய ஏற்பாடு எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று இன்றைக்குக் குதிப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு முந்தைய கேப்வெல் கொக்கியில், இரண்டு தோளிலும் தனித்தனியாக உலோக மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கம்பி வளையத்தை இழுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் பேசும்போதே இரண்டு கட்டை விரலும் தோளுக்குப் போகும். குதிப்பதை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் விரல்களுக்கு அது தெரியவில்லை.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். ஆர்வத்தில் ரிசர்வ் கைப்பிடியை வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள். மூடியபடியே, அட்டையோடு, நண்பரையும் கூட்டிக்கொண்டு ரிக்கரிடம் போங்கள். முதலில் அவர் முத்திரையைப் பார்ப்பார், பின்னை இழுக்க எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று தராசு வைத்து அளப்பார். 22 பவுண்டுக்கு, அதாவது 10 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அளக்கும்போது ரிசர்வ் பை திறந்துவிடும், அதை மறுபடி மூடச் சொல்லுங்கள். பிறகு அனுமதி கேட்டு, ரிக்கை நீங்கள் மாட்டிக்கொண்டு தரையில் நின்றபடி மெயினைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியை இழுங்கள், அடுத்து ரிசர்வை. ஸ்பிரிங் வைத்த பைலட் சூட் துள்ளி வெளியே விழும். நிஜமான ரிசர்வை நிஜமாக இழுத்துப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கு வருடத்தில் ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. ரிக்கர் மறுபடி மூடியதும், இரண்டாவது தடவை உங்கள் நண்பரை இழுக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் முதுகில் சுமந்ததை அவரும் ஒரு தடவை திறக்கட்டும். இதை மாட்டப் போவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டால், அதை ரிக்கரின் மேஜை பார்த்துக்கொள்ளும். ரிக்கர் லைனையும் தேதியையும் காட்டும்போது, அவர்தான் முதலில் "இதை மாட்டாதே" என்பார்.

ஒன்றுகூடும் நாளில் உங்கள் 190இலேயே குதியுங்கள். பையின் பக்க உறையில் உயரம் காட்டும் அவருடைய பழைய முள் வைத்த ஆல்டிமீட்டர் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு இரண்டொரு தடவை விமானத்தில் உங்களுடையதோடு ஒப்பிட்டு, முள் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, இரண்டாவது ஆல்டிமீட்டராக மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். அங்கேயே புல்-அப் கார்டு என்று நாம் சொல்லும் ரிப்பன் துண்டு ஒன்றும் இருக்கும், பல வருடம் கைபட்டு ஓரம் நைந்துபோயிருக்கும். அன்றைக்கு உங்கள் மெயினை மடித்து, கண்ணியை இழுத்துப் பின்னைச் செருக அதையே பயன்படுத்துங்கள். செருகியதும் மறக்காமல் உருவிவிடுங்கள். அதை உள்ளேயே விட்டுவிட்டு மேலே போய், மெயின் திறக்காமல் ரிசர்வில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் பக்கத்தில் நின்றால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.