விசா இரண்டு வருடம், கார் லோன் ஐந்து வருடமா?

வாசகர் கேள்வி: ஷார்ஜாவில் பெட் ஸ்பேஸில் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) தங்கி, துபாய் அல் கூஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 8,500 திர்ஹம். வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்றாவது முயற்சியில், போன மாதம்தான் லைசென்ஸ் கிடைத்தது. விரைவில் மனைவியும் நான்கு வயது மகளும் வரப்போகிறார்கள். கையில் 12,000 திர்ஹம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஷோரூமில் 78,000 திர்ஹத்துக்குப் புது வண்டி ஒன்று பார்த்தேன். முன்பணம் 20 சதவிகிதத்துக்கும் தனியாக பெர்சனல் லோன் போட்டுத் தருகிறேன், கையிலிருந்து ஒன்றும் வேண்டாம், வட்டி 3 சதவிகிதம்தான் என்கிறார் பேங்க் ஆள். அறை நண்பரோ, "என் வண்டியை நீ எடுத்துக்கொள், மிச்ச இ.எம்.ஐ.யைக் கட்டு, லோன் முடிந்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். எதைச் செய்யட்டும் அண்ணா?

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷார்ஜாவில் மெட்ரோ கிடையாது. நான்கு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உரிமம் இல்லாமல் காசுக்கு ஆள் சேர்த்து ஏற்றிப்போகும் கார் லிஃப்ட் சட்டத்துக்குப் புறம்பானது, குடும்பத்தோடு போக அது சரிப்படவும் செய்யாது. அதனால் கார் வாங்குங்கள். எந்தக் கார், யார் பெயரில், எத்தனை மாதக் கடனில் என்பதுதான் பேச்சு.

உங்கள் விசா இரண்டு வருடத்துக்கு. பேங்க் தருவது ஐந்து வருடக் கடன். எமிரேட்ஸ் ஐடியையும் லோன் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதிகளை ஒரு தடவை பாருங்கள். விசா புதுப்பிக்கப்படும், வேலை தொடரும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். நானும் போட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். 2008-இல் புது வண்டி எடுத்தேன், ஐந்து வருட லோன். மறு வருடமே கம்பெனியின் ப்ராஜெக்ட் நின்றுபோனது, எங்களில் பாதிப் பேரை அனுப்பினார்கள். கடைசிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கணக்கில் விழுந்த அன்று ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டேன். இருப்பு திரையில் தெரிந்தது. எடுக்கத்தான் விடவில்லை. கம்பெனியிலிருந்து வருவது கடைசி செட்டில்மெண்ட் என்று தெரிந்ததும் பேங்க் கணக்கைப் பிடித்து வைத்துவிட்டது. லோன் பேப்பரில் அதற்கு நானேதான் ஒப்புதல் கொடுத்திருந்தேன். கடன் பாக்கி 49,000. வண்டியை விற்கப் போனால் 36,000-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. வேலை போன அத்தனை பேரும் அதே வாரத்தில் வண்டியை விற்க நின்றால் விலை எப்படி நிற்கும்? துபாய் ஏர்போர்ட் பார்க்கிங்கில் சாவியோடு காரை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய வருடம் அது. எத்தனை வண்டி என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். நான் ஓடவில்லை. துண்டு விழுந்த 13,000-ஐ கிராஜுவிட்டியிலிருந்து பேங்க் எடுத்துக்கொண்டது, மீதியோடு ஊருக்கு வந்தேன். பிறகு திரும்பிப் போய் பல வருடம் அங்கேயே இருந்தேன், அது வேறு கதை.

இதனால் நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: எந்த மாதம் வேலை போனாலும், அந்த வாரமே காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளினால்கூட, வரும் காசில் கடன் அடைந்துவிட வேண்டும். உங்கள் பேங்க் ஆள் சொல்லும் ஏற்பாட்டை இதில் வைத்துப் பார்ப்போம்.

கார் லோன் வண்டி விலையில் 80 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது, 60 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே சென்ட்ரல் பேங்க் 2011-இலேயே விதி போட்டிருக்கிறது. 20 சதவிகிதத்தை உங்கள் கையிலிருந்து போடவைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புது வண்டி ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்குகிறதே, அந்தப் பள்ளத்தை அந்தப் பணம்தான் நிரப்பும். அதையும் கடனாக வாங்கினால் பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். 78,000-இல் 62,400 கார் லோன், 15,600 பெர்சனல் லோன். கார் லோனுக்கு மாதம் 1,196. பெர்சனல் லோனை 8 சதவிகிதத்தில் மூன்று வருடத்துக்குப் போட்டால் 489. ஆக மாதம் 1,685. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், 20,000-க்கு மேல் கொடுத்தாயிற்று. அன்றைக்கு இரண்டு லோனிலும் சேர்த்து பாக்கி எவ்வளவு தெரியுமா? 62,000 சொச்சம். முதல் நாள் வாங்கிய கார் லோன் எவ்வளவோ, ஏறக்குறைய அதே தொகை! ஒரு வருடம் ஓடிய வண்டியை அவசரத்துக்கு விற்றால் அந்த விலை கிடைக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

அந்த 3 சதவிகிதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஃப்ளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஐந்தாவது வருடம் பாக்கி சில ஆயிரம்தான் இருக்கும், அப்போதும் முழு 62,400-க்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் ரெட்யூசிங் கணக்கில் இது 5.64 சதவிகிதம். "ரெட்யூசிங்கில் எவ்வளவு?" என்று பேங்க் ஆளிடம் கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். முராபஹா என்ற இஸ்லாமிய முறையில் தரும் பேங்க் என்றால் வட்டி என்று சொல்ல மாட்டார்கள். பேங்க் வண்டியை வாங்கி லாபம் வைத்து உங்களுக்கு விற்கும். கொள்கை வேறு, சரி. ஆனால் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுகிறோம் என்பதை அங்கேயும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் சம்பளத்துக்கு எல்லாக் கடனும் சேர்ந்து பாதி, அதாவது 4,250 வரை தவணை கட்ட பேங்க் அனுமதிக்கலாம். அந்தக் கணக்கில் உங்கள் மகள் இல்லை. பெட் ஸ்பேஸை விட்டு ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குப் போகும்போது வாடகை, டெபாசிட், கே.ஜி. ஃபீஸ் எல்லாம் சேர்ந்து வரும். அதோடு சாலிக், அதாவது துபாய்ச் சாலைச் சுங்கம். காலை 6-இலிருந்து 10 வரை, மாலை 4-இலிருந்து 8 வரை ஒரு கேட்டுக்கு 6 திர்ஹம். மம்ஸார் கேட் வழியாகப் போய் வந்தால் அந்த ஒரு இடத்துக்கே மாதம் 22 நாளில் 264 திர்ஹம். இதைத் தவிர்க்கவே 311-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுற்றிப் போகிறவர்கள் உண்டு. அந்த நெரிசலை நீங்களே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பணமா தூக்கமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து நண்பர். நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் முல்கியாவில், அதாவது வண்டிப் பதிவு அட்டையில், இருப்பது அவர் பெயர், அதன் மேல் பேங்கின் அடமானம். நீங்கள் மாதாமாதம் அவர் கணக்கில் போடும் பணத்துக்கு அந்த வண்டியில் உங்களுக்கு ஒரு போல்ட்டுகூடச் சொந்தமாகாது. நீங்கள் வேகம் பிடிக்கும் ரேடாரில் மாட்டினால் அபராதம் அவர் ஃபைலில் ஏறும், அங்கேயே நட்பில் முதல் கீறல் விழும். விபத்தில் வண்டி மொத்தமாகப் போனால் இன்ஷூரன்ஸ் பணம் அவருக்கும் பேங்குக்கும் போகும். நாளைக்கு அவருக்கு வேலை போய், கணக்கைப் பேங்க் பிடித்து வைத்தால், அதில் நீங்கள் போட்ட இ.எம்.ஐ. பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அவர் ஊருக்குப் போய்விட்டால் பெயர் மாற்றக் கையெழுத்துப் போட ஆளைத் தேடிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

வண்டி பிடித்திருந்தால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. அவர் பேங்கில் லயபிலிட்டி லெட்டர் வாங்கச் சொல்லுங்கள், இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். நீங்கள் உங்கள் பெயரில் லோன் எடுத்து அந்த பாக்கியை அடைத்து, கிளியரன்ஸ் லெட்டர் வந்ததும், இருவரும் சேர்ந்து போய் அன்றே முல்கியாவை மாற்றுங்கள். இதற்கு அவர் தயங்கினால், அதுவே உங்களுக்குப் பதில்.

என்னைக் கேட்டால் நான்கைந்து வருடம் ஓடிய, ஜி.சி.சி. ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரித்த) ஜப்பானிய சின்ன செடான் ஒன்றைப் பாருங்கள். 28,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 12,000-இல் 8,000-ஐ முன்பணமாகப் போடுங்கள், 20,000-க்கு இரண்டு வருட லோன். பழைய வண்டிக்கு வட்டி சற்று அதிகம், ஃப்ளாட் 4 சதவிகிதம் என்றால் மாதம் 900. ஒரு வருடம் கழித்து பாக்கி 10,400 அளவில் நிற்கும். வேலை போன வாரத்தில் தள்ளினாலும் அந்த வண்டி அதற்கு மேல் போகும். முன்கூட்டி அடைத்தால் பாக்கியில் 1 சதவிகிதம் வரை கட்டணம் பிடிப்பார்கள், பெரிய தொகை இல்லை. மிச்சம் 4,000 இன்ஷூரன்ஸுக்கும் பெயர் மாற்றச் செலவுக்கும் வேண்டும், அதைத் தொடாதீர்கள். பழைய வண்டிக்கு எத்தனை வருடம் வரை கடன் தருவார்கள் என்பது பேங்குக்கு பேங்க் மாறும். வண்டியைப் பேசி முடிக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். போன் பில், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். பேங்குகள் பார்க்கும் அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் கடன் மதிப்பெண்ணில் அதுவும் சேரும்.

செக் விஷயம் ஒன்று. லோனுக்கு ஜாமீனாகத் தேதியில்லாத செக் கேட்டால், பணமில்லாமல் திரும்பினால் போலீஸ் வரும் என்ற பழைய பயம் உங்களுக்கும் இருக்கலாம். 2022 ஜனவரியில் சட்டம் மாறி, அந்தக் குற்றவியல் பக்கம் பெருமளவு தளர்ந்துவிட்டது. ஆனால் திரும்பிய செக்கை வைத்துக்கொண்டு பேங்க் நேராக நீதிமன்றத்தில் வசூலுக்குப் போகலாம், பயணத் தடை வரைக்கும் வரலாம். கையெழுத்துப் போடும் செக்கைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்த அன்று அதைத் திருப்பிக் கேட்கவும் மறக்காதீர்கள்.

இனி வண்டி பார்ப்பது. 2024 ஏப்ரல் 16 மழை உங்களுக்கு நினைவிருக்கும். எழுபத்தைந்து வருடத்தில் இல்லாத மழை என்றார்கள். தெருவெல்லாம் கார்கள் மிதந்தன. அன்றைக்கு மூழ்கிய வண்டிகளில் சில துடைத்துப் பளபளவென்று சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் கடைசி இரண்டு அடியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடோ பூஞ்சை வாடையோ இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். சேஸிஸ் நம்பரை இணையத்தில் போட்டால் அங்கே போலீஸில் பதிவான விபத்துகள் தெரியும். அமெரிக்க ஸ்பெக் வண்டி விலை குறைவாக இருக்கும். அமெரிக்காவில் அடிபட்டு ஏலத்தில் போனதாகவும் இருக்கலாம், அந்த விபத்து எமிரேட்ஸ் போலீஸ் பதிவில் இருக்காது. தொடாதீர்கள்.

டயரில் எழுத்துகளுக்கு நடுவே நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டிய டயரோடு பாஸிங், அதாவது பதிவுக்கான வண்டிச் சோதனையில் தேர்ச்சி, கிடைக்காது. தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் மாற்றச் சொல்வார்கள். நான்கு டயர் விலையை அங்கேயே பேரத்தில் கழியுங்கள்.

இன்ஷூரன்ஸில் லோன் இருக்கும்வரை ஃபுல் கவர்தான் போட வேண்டியிருக்கும், பேங்க் விடாது. லோன் முடிந்த பிறகு காசை மிச்சப்படுத்த தர்ட் பார்ட்டிக்கு மாறலாமா என்று தோன்றும். அந்த மழையில் தர்ட் பார்ட்டி வைத்திருந்தவர்களுக்கு வண்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, வண்டி பார்க்கச் சாயங்காலம் போகாதீர்கள். விற்பவர் அதைத்தான் விரும்புவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வெயில் உச்சியில் நிற்கும்போது போய், வண்டியை நிழலில் இல்லாமல் வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். கிளப்பாமல் இருபது நிமிஷம் வெயிலில் வேகட்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல் நின்ற இடத்திலேயே ஏ.சி.யைப் போட்டு, பின் சீட்டில் போய் உட்காருங்கள். உங்கள் மகள் உட்காரப்போவது அங்கேதான்.